செல்லக்கிளி பேசிய புதன்கிழமை

சென்னை
3.6.2013

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஃபெலிக்ஸ் எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் நலமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். கொஞ்ச நாளாக என் போனில் பேசும்போது நடுவில் ஒரு சத்தம் கேட்கிறது, யாரோ பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது போல. அதனால் முக்கியமான எதையும் போனில் பேச வேண்டாம். அம்மா காலத்தில் எழுதியது போல எழுதுவோம்.

நம் ஊற்று டிவியின் உரிமத்தைப் புதுப்பிக்க ஜனவரியிலேயே மனு கொடுத்திருந்தேன். இப்போது டெல்லியிலிருந்து பதில் வந்திருக்கிறது. இயக்குநர்களில் ஒருவரைப் பற்றிய பாதுகாப்பு விசாரணை திருப்தியாக இல்லையாம், மனு பரிசீலனையில் உள்ளதாம். எந்த இயக்குநர், என்ன குறை என்று ஒரு வார்த்தை இல்லை. நேரில் போய்க் கேட்டேன். காரணம் சொல்வதற்கில்லை என்றார்கள். காரணத்தைச் சொன்னால் கோர்ட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் எதை எதிர்த்துப் போவது? செப்டம்பரில் பழைய உரிமம் முடிகிறது. அதற்குள் வராவிட்டால் டிவிக்குப் பூட்டுதான். என்னை நம்பி வேலை பார்க்கிறவர்கள் தெருவில் நிற்பார்கள்.

கம்பெனியில் இயக்குநர்கள் இரண்டே பேர். நான் ஒருவன், இன்னொருவர் நீ. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பலகாரத் தட்டை நகர்த்திவிட்டு உன்னிடம் கையெழுத்து வாங்கினேனே, அதுதான். என்மேல் ஒன்றும் இல்லை. ஆகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னை விசாரிக்க யாராவது வந்தார்களா? சுரங்கத்தில் நடந்த காண்ட்ராக்ட் தொழிலாளர் ஸ்டிரைக்கில் மாமா முன்னால் நின்றாரா? அவர் மேல் கேஸ் கீஸ் உண்டா?

இன்னொன்று. புயலுக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளைப் பற்றி 'நேர் சாட்சி' நிகழ்ச்சியின் முதல் பகுதி போன புதன்கிழமை வந்தது. காண்ட்ராக்டர் பெயரையும் அவர் எந்தப் பெரிய இடத்துக்குச் சொந்தம் என்பதையும் சொன்னோம். மறுநாளே டெல்லிக் கடிதம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த வீடுகளில் ஒன்றில் இருக்கும் நம் செல்லக்கிளி பேசியது அடுத்த பகுதியில் வருகிறது. அவளிடம் சொல்.

படித்ததும் கிழித்துவிடு.

உன் தம்பி
ஃபெலிக்ஸ்

*

நெய்வேலி
9.6.2013

மரியே வாழ்க.

அன்புத் தம்பி ஃபெலிக்ஸுக்கு அக்கா மெர்லினின் ஆசீர். இங்கே இருவரும் சுகம். முழங்காலுக்கு மாமா தைலம் தேய்த்துவிடுகிறார். வலி போகவில்லை, தைலம்தான் தீர்ந்துபோகிறது.

மாமா ஸ்டிரைக்கில் நின்றாரா என்று கேட்டிருக்கிறாய். நின்றார். எல்லாரும் நின்றார்கள். வெயிலில் மோர் குடித்துவிட்டு வந்தார். கேஸ் இல்லை. நீ கேட்டதை அவருக்குப் படித்துக்காட்டவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "உன் தம்பி நியூஸ் சேனல் வெச்சிருக்கான், முதல்ல வூட்டுக்குள்ளதான் விசாரணையா?" என்றார். எனக்கு வருத்தம்தான். வெளியில் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது, அதனால் எழுதிவிட்டேன்.

என்னை விசாரிக்க யாரும் வரவில்லை. ஏப்ரலில் ஒரு குவார்ட்டர்ஸ் செக்கிங்காரர் வந்தார், அவ்வளவுதான். உனக்குத் தெரியுமே, இந்த வீடு தனகோடி அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் பெர்மனென்ட், வடலூரில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு இதை நமக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். தெரிந்தால் அவர் வேலைக்கே உலை. அதனால் எங்கள் வரிசையில் செக்கிங் வந்தால் முதல் வீட்டு அம்மா பாத்திரத்தைத் தட்டுவார். உடனே நான் வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் முருகன் காலண்டரைத் தொங்கவிட்டுவிட்டு, "தனகோடி அண்ணனுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சிங்க, விருந்துக்கு வந்திருக்கேன்" என்பேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். மாதா மன்னிப்பாள், அவளும் ஒரு இரவு தங்க இடம் கேட்டு அலைந்தவள்தானே.

இங்கே ஊற்று டிவி வருவதில்லை. அந்த முதல் புதனுக்கு அடுத்த நாளிலிருந்து அந்த இடத்தில் மூட்டுவலி மாத்திரை விளம்பரம் ஓடுகிறது. கேபிள்காரரைக் கேட்டால், "மேலேருந்தே வரலீங்க" என்று வானத்தைக் காட்டுகிறார். ஆகவே செல்லக்கிளி பேசியது வந்ததா என்று நீதான் எழுத வேண்டும். அவள் காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் கொண்டுவரும்போதெல்லாம் கேட்கிறாள். புயலுக்குப் பிறகு கொடுத்த அந்த வீட்டின் கூரை மழையில் பெயர்ந்து விழுந்து அவள் புருஷன் அய்யனார் படுத்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை. இவள் முந்திரி உடைத்துக் கஞ்சி ஊற்றுகிறாள். கேமரா முன்னால் பேச மாட்டேன் என்றவளை நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா மெர்லின்

பி.கு. உன் உறை பிரித்து ஒட்டினது போல இருந்தது. நான் இதைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். எவனாவது பிரித்தால் கிழியும்.

*

சென்னை
19.6.2013

மரியே வாழ்க.

அன்புள்ள அக்கா, நலம். நலமறிய ஆவல். மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உறை கிழியாமல் வந்தது. ஆனால் ஒரு மூலை ஈரம் பட்டதுபோல் இருந்தது. மழை இல்லாத ஊரில் ஈரம் எப்படி வந்தது?

இங்கே யாரை நம்புவது என்று தெரியவில்லை. நாங்கள் அடுத்து எந்த ஊருக்குக் கேமராவை அனுப்புகிறோம் என்பது அந்த ஊர்ப் போலீசுக்கு முன்கூட்டியே தெரிகிறது. காடாம்புலியூர் வந்து படம் பிடித்தானே நிலவன், அவன் மேல் எனக்கு ஒரு கண். நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையன்களைத்தான் முதலில் வளைப்பார்கள். நேற்று அவன் போன் பேசிக்கொண்டே மாடிப்படியில் இறங்கினான், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

டெல்லியில் தெரிந்த ஒருவர் மூலம் கேட்டுப் பார்த்தேன். "கோப்பு நகர வேண்டுமானால் நீங்களும் கொஞ்சம் நகர வேண்டும்" என்றாராம் ஓர் அதிகாரி. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்குச் சிரித்தாராம்.

செல்லக்கிளி பேசியது ஐந்தாம் தேதி புதன்கிழமையே வந்துவிட்டது. நல்ல வரவேற்பு. அவளிடம் சொல்.

நீ கவலைப்படாதே. கடிதங்களைக் கிழிக்கிறாய் அல்லவா?

உன் தம்பி
ஃபெலிக்ஸ்

*

நெய்வேலி
30.6.2013

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர். இருவரும் சுகம். நீ இளைத்துவிட்டதாக மாமாவுக்குக் கனவாம். கனவில்கூட அவருக்கு உன் சாப்பாட்டுக் கவலை.

முதலில் நல்ல சேதி. செல்லக்கிளியிடம் சொன்னேன். பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நெசமாவாக்கா? மெட்ராசுல எல்லாம் பாத்துக்கினு இருந்தாங்களா? நான் அழுததும் வந்துதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லாம் வந்தது, ஊரே பார்த்தது, போன் மேல் போன் வந்தது என்று நானும் கொஞ்சம் உப்பு புளி சேர்த்துச் சொன்னேன். நீ நாலு சொல்லில் முடித்துவிட்டாய், அவளுக்கு அது போதுமா? அன்றைக்கு ஒரு பழத்தை விற்காமல் எங்களுக்கே அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே காண்ட்ராக்டர் ஆள் அவள் வீட்டுக்குத் தாளோடு வந்திருக்கிறான். அய்யனார் பலாமரத்திலிருந்து விழுந்துதான் அடிபட்டான், வீட்டின் மேல் குறை இல்லை என்று கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறான். போட்டால் வைத்தியச் செலவுக்கு ஏதோ தருவார்களாம், போடாவிட்டால் வீட்டுப் பட்டாவில் சிக்கல் வருமாம். அந்த வரிசையில் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும், "பட்டணமே பாத்துடுச்சி, இனிமே மாத்திச் சொன்னா காறித் துப்ப மாட்டாங்களா? போய்யா" என்று அனுப்பிவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அடுத்தது நீ உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டிய விஷயம். நேற்று இங்கே நிஜமாகவே செக்கிங் வந்தார்கள். ஜீப், நோட்டு, இரண்டு ஆள். "தனகோடி இருக்காரா?" என்று கேட்டார்கள். பிறகு வந்த தனகோடி அண்ணன், "அவங்க எப்பவுமே அலாட்மென்ட் பேர வெச்சுத்தாம்மா கேப்பாங்க" என்றார். எனக்குப் பகீர் என்றது. ஏப்ரலில் வந்தவர் தனகோடியைக் கேட்கவே இல்லை. "இங்க மெர்லின்னு ஒருத்தங்க இருக்காங்களா?" என்றுதான் கேட்டார். "அப்படி யாரும் இல்லீங்க" என்று என் வாயாலேயே சொன்னேன். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார். எங்கள் வரிசையே எனக்காகச் சத்தியம் செய்திருக்கிறது, மெர்லின் என்று யாரும் இல்லை என்று.

அவர் உன் உரிம விசாரணைக்கு வந்தவராக இருந்தால், இயக்குநரே இல்லாத பொய் முகவரி என்றுதானே எழுதியிருப்பார்? உன் அக்காவை உன் அக்காவே இல்லாமல் ஆக்கிவிட்டாளடா. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என்ன செய்யலாம் சொல்.

அக்கா மெர்லின்

*

சென்னை
5.7.2013

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இதுதான் காரணம். இதுவாகத்தான் இருக்க வேண்டும். முகவரி சரியில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே சரிசெய்திருப்பேனே. ஒரு வரியை மறைத்து எத்தனை பேரைச் சந்தேகப்பட வைத்துவிட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். குவார்ட்டர்ஸ் முகவரியையே மறுபடி உறுதிப்படுத்தினால் தனகோடி அண்ணன் மாட்டுவார். அதனால் உன் பெயரில் வாடகை ஒப்பந்தம் போட்டு வேறு வீட்டுக்குப் போக வேண்டும். உன்னிடம் இதைக் கேட்கக் கூசுகிறது. மாமாவின் ஷிப்ட்டுக்கு அங்கிருந்து போவது எவ்வளவு வசதி என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேறு வழி தெரியவில்லை. புது முகவரியை அனுப்பினால் மறுவிசாரணைக்கு எழுதிவிடுவேன்.

மற்றவை பிறகு.

உன் தம்பி
ஃபெலிக்ஸ்

*

குறிஞ்சிப்பாடி
28.7.2013

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர். நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன்.

வீடு மாறியாயிற்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பக்கத்து வீட்டில் நாள் முழுக்கத் தறி ஓடுகிறது. மாமா முதல் ஷிப்ட்டுக்கு இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு ஓடுகிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னாலாவது சண்டை போடலாம். தனகோடி அண்ணன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் தம்பிக்கு நல்லது நடக்கட்டும்மா" என்றார். நான் வாசலில் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டுகளுக்கு இங்கே புதிதாக ஆள் பிடிக்க வேண்டும்.

புது முகவரியும் ஒப்பந்த நகலும் இதோடு இருக்கின்றன. இப்போது வீட்டு வாசலில் என் பெயரையே எழுதி ஒட்டியிருக்கிறேன். மாதா படம் முன்னறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வரட்டும்.

செல்லக்கிளி இங்கேயும் வந்துவிட்டாள். அவள் பேசியதை ஒரு சிடியில் போட்டு அனுப்பச் சொன்னாள். அய்யனாருக்குக் காட்ட வேண்டுமாம். "நீ டிவியில வந்தன்னு சொல்லுற, எங்க காட்டுன்னு கேக்குறாரு" என்கிறாள். காண்ட்ராக்டர் ஆட்கள் மறுபடி இரண்டு தடவை வந்துவிட்டார்கள். முந்திரிக் கம்பெனியில் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். உடனே சிடியை அனுப்பு. அதோடு மூன்றாம் பகுதி எப்போது வந்தது, நாலாம் பகுதி எப்போது என்றும் எழுது. போன கடிதத்தில் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மாமா சொல்கிறார், உன் எழுத்தில் எதுவோ குறைகிறதாம். போன கடிதத்தில் 'மரியே வாழ்க' போடவில்லை என்று காட்டினார். அவசரத்தில் மறந்திருப்பான் என்றேன். நீ பரப்பிவிட்ட சந்தேகம் உன்மேலேயே திரும்பி வருகிறது, பார்த்துக்கொள்.

அக்கா மெர்லின்

*

சென்னை
12.8.2013

அன்புள்ள அக்கா,

நலம்தானே. நகல் கிடைத்தது. மறுவிசாரணைக்கு எழுதியாயிற்று. யார் வந்தாலும் மரியாதையாகப் பேசு. வாக்குவாதம் வேண்டாம், உன் வாயைக் கொஞ்சம் கட்டி வை.

சிடி இப்போது முடியாது. ஸ்டுடியோவில் பதிவுகள் இருந்த கருவி பழுதாகிவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம். செல்லக்கிளியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். நிலவன் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான், அவன் இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பான்.

அவளைக் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் எத்தனை நாள் நிற்பாள்?

வேலை நெருக்குகிறது.

ஃபெலிக்ஸ்

*

சென்னை
28.8.2013

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வந்துவிட்டது. நேற்று மாலை உரிமம் கையில் கிடைத்தது. ஆபீசில் எல்லாருக்கும் பிரியாணி. இரவு ரொம்ப நாளைக்குப் பிறகு தூங்கினேன்.

முகவரிதான் அக்கா, வேறு ஒன்றுமே இல்லை. நான்தான் பெரிய பெரிய காரணங்களை யோசித்துக்கொண்டு போன், உறை, பக்கத்து மேசைக்காரன் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டேன். நீ வீடு மாறியதால்தான் இது நடந்தது. இந்த டிவியை நீதான் காப்பாற்றினாய். இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நாளை வேளாங்கண்ணியில் கொடியேற்றம். திருவிழாவுக்கு உனக்கு ஒரு பட்டுப் புடவையும் மாமாவுக்கு வேட்டி சட்டையும் அனுப்பியிருக்கிறேன். இனிமேல் போனிலேயே பேசலாம், பயமில்லை. என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவே இல்லையே? உடம்பு சரியில்லையா?

உன் அன்புத் தம்பி
ஃபெலிக்ஸ்

*

குறிஞ்சிப்பாடி
8.9.2013

மரியே வாழ்க.

தம்பி ஃபெலிக்ஸுக்கு,

இன்று மாதாவின் பிறந்தநாள். பூசை கண்டு வந்து எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உரிமம் வந்ததில் மாமாவுக்கு மகிழ்ச்சி. எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சுதந்திர தினத்துக்கு முதல் நாள் அந்த மனிதர் வந்தார். ஏப்ரலில் வந்த அதே ஆள், அதே கட்டம் போட்ட சட்டை. காவல் துறையில் விசாரணைப் பிரிவாம். டீ கொடுத்தேன், குடித்தார். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. "அட்ரசுக்கு என்னம்மா, அன்னிக்கு விருந்துக்கு வந்தேன்னு சொன்னப்பவே நீங்கதான்னு தெரியும். உங்க போட்டோ எங்ககிட்ட இருக்குல்ல. உள்வாடகைன்னு புரிஞ்சுது, அது எங்க வேலையில்ல" என்றார். அப்படியானால் எதற்காக என் தம்பியின் உரிமத்தை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

நீ வாயைக் கட்டி வை என்று எழுதியது ஞாபகம் இருந்தது. ஆனாலும் அடக்க முடியவில்லை. "அந்தப் புயல் வீட்டு நிகழ்ச்சிதானே காரணம்? நீங்க எழுதிக்கங்க. என் தம்பி அத நிறுத்த மாட்டான். எங்க அப்பாவுக்குப் பொறந்தவன்" என்று சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், ஃபெலிக்ஸ்.

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, பாவமாகத்தான் சிரித்தார். "அது மொத வாரத்தோட நின்னுபோச்சேம்மா. ரெண்டாவது வாரமே வரல. உங்களுக்கு இங்க சேனல் தெரியறதில்லையா?" என்றார். எழுந்து போகும்போது, "இது சும்மா ஃபார்மாலிட்டிக்கு வந்தது, உங்க தம்பி சார் ஜூன்லயே பேசி முடிச்சிட்டார்" என்றும் சொன்னார்.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. போலீஸ்காரன் சொல்வதை நம்பித் தம்பியைச் சந்தேகப்படுகிறவளா நான்? நீயே எழுதுவாய் என்று காத்திருந்தேன். அதனால்தான் பதில் போடவில்லை. உன் கடிதம் வந்தது. முகவரிதான் காரணம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் அந்த மனிதர் சொன்னதை நம்பினேன்.

பிறகு மாமா நிலவனுக்குப் போன் போட்டுப் பேசினார். அவன் வேறு வேலை கிடைத்துப் போகவில்லை. செல்லக்கிளி பேசியதை ஒளிபரப்பியே ஆக வேண்டும் என்று நின்றதற்காக நீ அனுப்பியிருக்கிறாய். அவள் பேச்சு ஒரு நாளும் வரவில்லை என்று அழுதானாம். நீ ஜூன் மாதமே பேசி முடித்துவிட்டாய். ஜூலையில் எங்களை வீடு மாறச் சொன்னாய். தெரிந்தே சொன்னாயா? உன்னையே நம்பவைத்துக்கொள்ள உனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததா? மாமா இன்னும் விடியுமுன் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார், அதற்காகவாவது உண்மையைச் சொல். நீ பயந்துவிட்டாய் என்று எழுதியிருந்தால் நான் உன்னைத் திட்டியிருப்பேன், பிறகு உன் பக்கம் நின்றிருப்பேன். உன்னை நம்பி இருக்கிறவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு என்பது எனக்குத் தெரியாதா?

ஆனால் அவளிடம் வந்துவிட்டது என்று சொல்லவைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை காடாம்புலியூர் போனேன். உன்னை வரச்சொல்லி உன் வாயாலேயே சொல்லவைக்க நினைத்தேன், அதற்குள் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அய்யனார் கட்டிலில் படுத்திருந்தான். கூரையில் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். செல்லக்கிளி என்னைத் திட்டவில்லை. "அப்ப நான் சொன்னது யாருக்குமே தெரியாதாக்கா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "யாரும் பாக்கலன்னா நான் யாருக்கோசரம் நின்னுக்கினு கெடந்தேன்?" என்றாள். அய்யனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நேற்று அவள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள், தன் புருஷன் பலாமரத்திலிருந்து விழுந்தான் என்று. முந்திரிக் கம்பெனியில் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

உனக்கு என்றைக்காவது தைரியம் வந்து அந்தப் பதிவை எடுத்துப் போட்டுவிடாதே. இனிமேல் அது வந்தால் பொய் சொன்னவள் அவளாகத்தான் இருப்பாள்.

புடவை வந்து சேர்ந்தது. மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

மெர்லின்